கட்டில், மாவுக்கட்டு, கத்தி: முதுகெலும்புக் காசநோய் குறித்து



எலும்பு, மூட்டு நோய்களைப் பற்றிப் பேசவேண்டும் என்று அழைப்புக் கடிதத்தில் இருந்தது. முழங்கால் தேய்மானம், எலும்புப்புரை, முடக்குவாதம் என்று வரிசையாகத் தொட்டுக்கொண்டு போனால் ஒரு மணி நேரத்தில் எதுவும் உங்களிடம் தங்காது. முழங்கால் வலிக்கு இப்போது யூடியூப் இருக்கிறது. அங்கே என்னைவிட நன்றாகப் பேசுகிறார்கள். ஆகவே ஒரே ஒரு நோயை எடுத்துக்கொள்கிறேன்: முதுகெலும்பில் வரும் காசநோய். அதற்கு இன்று உலகம் தரும் சிகிச்சையின் முக்கியமான ஒரு பகுதி நம் சேத்துப்பட்டில் முடிவானது. எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். அந்தக் கதை நம் மருத்துவ மாணவர்களிலேயே பலருக்குத் தெரியாது என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

காசநோய் என்றால் இருமலும் சளியும்தான் நமக்கு நினைவுக்கு வரும். கிருமி பெரும்பாலும் நுரையீரல் வழியாகத்தான் நுழைகிறது. ஆனால் அங்கேயே நிற்பதில்லை. இரத்தத்தில் ஏறி எலும்புக்கும் போகிறது. எலும்பு, மூட்டுக் காசநோயில் ஏறத்தாழப் பாதி முதுகெலும்பில்தான் வருகிறது. மார்புப் பகுதி முடிந்து இடுப்புப் பகுதி தொடங்கும் இடத்தில் அதிகம். முள்ளெலும்பின் முன்பக்கத் திரளில், டிஸ்க்கை ஒட்டிய ஓரத்தில் அரிப்பு தொடங்கும். சாதாரணச் சீழ்க்கிருமி என்றால் டிஸ்க்கைச் சீக்கிரமே கரைத்துவிடும். காசநோய்க் கிருமியிடம் அதற்கான நொதிகள் இல்லாததால் டிஸ்க் நெடுநாள் தாக்குப்பிடிக்கிறது, எலும்பு அதற்கு மேலும் கீழும் உளுத்துக்கொண்டே போகிறது. ஒரு பக்கத்துச் செங்கல் மட்டும் உதிர்ந்த தூண் அந்தப் பக்கமாகவே சாயும் அல்லவா? முதுகும் அப்படித்தான் முன்பக்கம் மடிகிறது, பின்னால் ஒரு முடிச்சு புடைக்கிறது. கூன் விழுந்துவிட்டது என்கிறோம்.

சீழுக்கும் ஒரு பாதை இருக்கிறது. முதுகில் உண்டாகும் சீழ் இடுப்புத் தசையின் உறைக்குள் மெல்ல இறங்கித் தொடையிடுக்கில் வந்து வீங்கும். தொட்டால் சுடாது, சிவந்திருக்காது, பெரிய வலியும் இருக்காது. நாங்கள் கோல்டு ஆப்சஸ் என்போம். தொடையிடுக்குக் கட்டி என்று ஒருவர் வந்தால் முதலில் அவர் சட்டையைக் கழற்றச் சொல் என்று எங்கள் ஆசிரியர் ஒருவர் அதட்டுவார். சீழோ, நொறுங்கிய எலும்போ, பின்னால் தள்ளப்பட்ட டிஸ்க்கோ தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் கனக்கும், செருப்பு தானாகக் கழன்று விழும், பிறகு நடையே போய்விடும்.

பழைய நோய்தான். எகிப்தில் ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அமுன் கோவில் பூசாரி ஒருவரின் மம்மியில் மடிந்த முதுகெலும்பையும் இடுப்புத் தசையில் இறங்கிய சீழ்க்கட்டியையும் 1910இல் ஆய்வாளர்கள் எலியட் ஸ்மித்தும் ரஃபரும் விவரித்தார்கள். லண்டனின் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779இல் கூனையும் கால் செயலிழப்பையும் சேர்த்து எழுதியதால் இன்றும் இது பாட் நோய். அவருக்குக் காரணம் தெரியாது. கிருமியை ராபர்ட் கோக் அறிவித்தது 1882 மார்ச் 24 அன்று.

காரணம் தெரிந்த பிறகும் வீடுகளில் வேறு காரணம்தான் சொல்லப்பட்டது. இத்தாலியச் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்சியை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். சின்ன வயதிலேயே அவருக்குக் கூன் விழுந்தது. குழந்தையைக் கைதவறிக் கீழே போட்டுவிட்டார்கள், அதனால் வந்தது என்றே வீட்டார் நம்பினார்கள். நிமிர்த்துவதற்காக இடுப்பில் வார்கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டார்கள். பாட் நோய் என்று 1933இல், அவர் முசோலினியின் சிறையில் இருந்தபோதுதான், பரிசோதித்த மருத்துவர் எழுதிக்கொடுத்தார். சார்டினியாவில் மட்டும் நடக்கும் கதை இல்லை இது. “மாடிப்படியில் விழுந்தான் சார், அன்னையிலேருந்துதான்” என்று எத்தனை தாய்மார் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்! குழந்தைகள் எல்லோரும்தான் விழுகிறார்கள்.

மருந்து வருவதற்கு முன் என்ன செய்தார்கள்? படுக்கவைத்தார்கள். ஓய்வு, காற்று, வெயில், சாப்பாடு, இவ்வளவுதான் சிகிச்சை. சுவிட்சர்லாந்தின் லேசினில் அகஸ்ட் ரோலியே 1903 முதல் வெயில் சிகிச்சை நடத்தினார். பனி மூடிய மலையில், இடுப்பில் ஒரு துண்டோடு, வரிசையாகக் கட்டிலில் படுத்திருக்கும் குழந்தைகளின் புகைப்படங்களைப் பார்த்திருப்பீர்கள். மற்ற இடங்களில் இரும்புச் சட்டத்தில் கட்டிப்போட்டார்கள், மாவுக்கட்டில் தொட்டில்போல் வார்த்து அதற்குள் கிடத்தினார்கள். மாதக்கணக்கில் இல்லை, வருடக்கணக்கில். நம்மிடமும் 1928இல் சௌரிமுத்து என்ற மருத்துவர் தாம்பரத்தில் ஒரு சானடோரியம் தொடங்கினார். மின்சார ரயிலில் தினமும் தாம்பரம் சானடோரியம் என்ற நிலையத்தைக் கடந்துபோகிறோம்.

1911இல் நியூயார்க்கில் ரஸ்ஸல் ஹிப்ஸும் ஃப்ரெட் ஆல்பியும் தனித்தனியே முதுகெலும்பை இணைக்கும் அறுவையை வெளியிட்டார்கள். நோய் முன்பக்கம் இருக்க, இவர்கள் வேலை பின்பக்கம். நேரே முன்பக்கம் போய், அழுகிய எலும்பை முழுதும் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் நோயாளியின் சொந்த எலும்புத் துண்டைப் பொருத்தும் துணிச்சல் ஹாங்காங்கில் ஹாட்ஜ்சன், ஸ்டாக் என்ற இரு அறுவை மருத்துவர்களுக்கு வந்தது. 1956இல் எழுதினார்கள். அருமையான அறுவை. இன்றும் அதன் படங்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். ஆனால் அதற்கு மார்பைத் திறக்கத் தெரிந்தவர் வேண்டும், நல்ல மயக்க மருந்து வேண்டும், இரத்தம் வேண்டும், பிறகு கவனிக்கச் செவிலியர் வேண்டும். நோய் அதிகம் இருந்த நாடுகளில் இந்த நான்கும் ஒரே கூரைக்கு அடியில் கிடைக்கவில்லை.

இதற்கிடையே மருந்து வந்துவிட்டது. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின், அதன் பின்னே பாஸ், 1952இல் ஐசோநியாசிட். இங்கேதான் ஒரு நேர்மையான கேள்வி எழுந்திருக்க வேண்டும்: மருந்து கிருமியைக் கொல்கிறது என்றால் கட்டில் எதற்கு? கட்டில் நிறைய இருந்த ஊர்களில் அந்தக் கேள்வி தாமதமாகத்தான் வந்தது. நைஜீரியாவின் இபாதானில் கான்ஸ்டாம் என்ற மருத்துவர் நோயாளிகளுக்கு மருந்தைக் கொடுத்து நடமாட விட்டார். 1958இல் எழுதினார், குணமாகிறார்கள் என்றார். பலர் நம்பவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க எதிர்க்குழு இல்லாமல் ஒருவர் தன் நோயாளிகளைப் பற்றி மட்டும் சொன்னால் நம்பாமல் இருப்பது மருத்துவத்தில் குற்றமும் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்கும் வழியைச் சென்னை அதற்குள் காட்டத் தொடங்கியிருந்தது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கென ஒரு மையம் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் வழிநடத்தினார். நுரையீரல் காசநோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குச் சானடோரியத்தில் கட்டில், நல்ல சாப்பாடு, ஓய்வு. மறுபகுதி தங்கள் வீட்டிலேயே, ஒண்டுக்குடித்தனத்திலும் குடிசையிலும், அரைகுறைச் சாப்பாட்டோடு. இருவருக்கும் அதே மருந்து, ஓராண்டு. 1959இல் வெளியான முடிவு: வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள். அவர்கள் வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

நுரையீரலுக்குச் சரி, எலும்புக்கு? எலும்பு உடலின் பாரத்தைச் சுமக்கிறது. உளுத்த எலும்போடு ஒருவனை நடக்கவிடலாமா என்ற அச்சம் நியாயமானது. 1960களில் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. குழு ஒவ்வொரு நம்பிக்கையையும் ஓர் ஊருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தது. தென்கொரியாவின் மசானில் ஆறு மாதப் படுக்கை ஓய்வா, முதல் நாளிலிருந்தே வீடா என்று பார்த்தார்கள். புசானில் ஒன்பது மாத மாவுக்கட்டுச் சட்டை தேவையா என்று பார்த்தார்கள். இன்று ஜிம்பாப்வே ஆகிவிட்ட நாட்டின் புலவாயோவில் அழுகியதைச் சுரண்டும் எளிய அறுவையை, அறுவையே இல்லாத சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். ஹாங்காங்கில் எளிய அறுவையையும் ஹாட்ஜ்சனின் பெரிய அறுவையையும்.

1973 தொடங்கி அறிக்கைகள் வந்தன. படுக்கை ஓய்வால் கூடுதல் பயன் இல்லை. மாவுக்கட்டாலும் இல்லை. எளிய சுரண்டலாலும் இல்லை. ஹாங்காங்கின் பெரிய அறுவைக்கு மட்டும் ஒரு நன்மை தெரிந்தது: எலும்பு சீக்கிரம் ஒட்டியது, கூன் குறைவாக இருந்தது. அது செய்யத் தெரிந்தவர்களின் கையில் கிடைத்த நன்மை என்பதைக் குழுவே ஒளிக்கவில்லை.

மிச்சம் இருந்த கேள்வி சென்னைக்கு வந்தது. அதுவரை பாஸும் ஐசோநியாசிடும் 18 மாதம் சாப்பிடவேண்டியிருந்தது. பாஸ் சாப்பிட்டவர்களைக் கேட்டால் தெரியும். வயிற்றைப் புரட்டும், ஒரு நாளைக்கு ஒரு பிடி மாத்திரை. பாதியில் நிறுத்தியவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ரிஃபாம்பிசின் என்ற புதிய மருந்து வந்தபின் காலத்தைக் குறைக்கலாமா என்பதுதான் கேள்வி. 1970களின் நடுவில் சேத்துப்பட்டு மையமும் நகரின் எலும்பு மருத்துவர்களும் சேர்ந்து நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்குப் பெரிய அறுவையோடு ஆறு மாத மருந்து. இரண்டாம் குழுவுக்கு அறுவை இல்லாமல் ஆறு மாத மருந்து. மூன்றாம் குழுவுக்கு அறுவை இல்லாமல் ஒன்பது மாதம். மருந்து எல்லோருக்கும் தினமும் ரிஃபாம்பிசினும் ஐசோநியாசிடும்.

ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். இரத்தம் போகிறது என்று பயந்து ஓடிவரும் நோயாளிகள் இன்றும் உண்டு, முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அதே நிறம்தான் நோயாளி உண்மையில் மாத்திரையை விழுங்கினாரா என்று சுகாதாரப் பணியாளர் கண்டுகொள்ளும் வழியும்.

சென்னை ஆய்வின் நோயாளிகளைப் பத்தாண்டுகள் தொடர்ந்தார்கள். நம் நாட்டில் வீடு மாறியவரைப் பத்தாண்டு கழித்துக் கண்டுபிடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதை இங்கே இருக்கும் சமூகப் பணித்துறை ஆசிரியர்கள் அறிவார்கள். 1999இல் வெளியான முடிவில், அறுவை செய்துகொண்டவர்களில் 90 விழுக்காட்டினர் நல்ல நிலையில் இருந்தார்கள். ஆறு மாதம் மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 94. ஒன்பது மாதம் சாப்பிட்டவர்களில் 99. கத்தி பட்டவர்களைவிடக் கத்தி படாமல் நடந்து வந்து மாத்திரை வாங்கிப்போனவர்கள் எந்த வகையிலும் குறைந்துவிடவில்லை.

நான் கத்தி பிடித்துப் பிழைத்தவன். அதனால் இந்த எண்களை மாணவர்களுக்குச் சொல்லும்போது என் தொழிலுக்குத் துரோகம் செய்கிறேனோ என்று சக மருத்துவர்கள் கேலி செய்வார்கள். இந்த ஆய்வு அறுவையே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது யாரைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதையும் படிக்க வேண்டும். ஓர் அறையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடக்க முடியாத அளவுக்குக் கால் பலவீனமானவர்களை இத்தகைய ஆய்வுகளில் சேர்க்கவில்லை. கால் விழுந்துகொண்டிருக்கும் நோயாளிக்கு, மருந்து கொடுத்தும் சில வாரங்களில் தேறாத நோயாளிக்கு, முதுகு நிலைகுலைந்து ஆடும் நோயாளிக்கு அறுவை வேண்டும், தாமதிக்கவும் கூடாது. மருந்தில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் கத்தி எடுப்பது என்ற இந்த வழியை வாரணாசியில் எஸ்.எம். துலி 1975இலேயே நடுவழி என்று பெயரிட்டு எழுதிவிட்டார். என் குறை வேறு. எம்.ஆர்.ஐ. படத்தில் சீழ் பெரிதாகத் தெரிந்தவுடன், கால்களைச் சோதித்துப் பார்ப்பதற்கு முன்பே, ஸ்குரூவும் ராடும் எத்தனை என்று கணக்குப் போடும் பழக்கம் சில இடங்களில் வந்துவிட்டது. படம் பயமுறுத்தும். அந்தச் சீழ் பெரும்பாலும் மாத்திரையிலேயே வற்றிவிடும்.

சென்னை ஆய்வு இன்னொரு எச்சரிக்கையும் தந்தது. அதை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. 15 வயதுக்கு உட்பட்டு, தொடக்கத்திலேயே கூன் 30 டிகிரியைத் தாண்டியிருந்தவர்களுக்கு மருந்து கிருமியைக் கொன்றது, கூனை நிறுத்தவில்லை. அது ஏறிக்கொண்டே போனது.

கூன் எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே கணிக்க, சென்னையில் டி.கே. சண்முகசுந்தரமும் எஸ். ராஜசேகரனும் 1987இல் ஓர் எளிய சூத்திரம் கொடுத்தார்கள். எக்ஸ்ரேயில் ஒவ்வொரு முள்ளெலும்பின் உயரத்திலும் பத்தில் எத்தனை பங்கு போய்விட்டது என்று அளந்து கூட்டுங்கள். அதை 30.5ஆல் பெருக்கி 5.5ஐச் சேருங்கள். கடைசியில் நிற்கப்போகும் கூனின் கோணம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். ஒரு முழு முள்ளெலும்பு அளவு அழிந்திருந்தால் 36 டிகிரி. ஒன்றரை அழிந்திருந்தால் 51. சிகிச்சை தொடங்கும் நாளிலேயே, ஸ்கேலும் பென்சிலும் கொண்டு, எந்த நோயாளியின் முதுகு பின்னால் தொந்தரவு தரும் என்று சொல்லிவிடலாம். அரசு மருத்துவமனை ஓ.பி.யில் உட்கார்ந்து செய்யக்கூடிய கணக்கு என்பதால் எனக்கு இதன்மேல் தனி மதிப்பு.

பிறகு கோயம்புத்தூரிலிருந்து ராஜசேகரன் 2001இல் எழுதியது குழந்தைகளைப் பற்றி. நோய் குணமான குழந்தைகளைப் பதினைந்து ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது, ஏறத்தாழ பத்தில் நால்வருக்கு வளர வளரக் கூன் ஏறியது. பத்தில் நால்வருக்குச் சற்று மேலானோருக்குத் தானாகவே குறைந்தது. மற்றவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை. கிருமி செத்து, மாத்திரை முடிந்து, கோப்பு மூடப்பட்டபின் நடக்கும் மாற்றம் இது. முன்பக்க எலும்பு அழிந்துவிட்டது, பின்பக்கம் வளர்கிறது, அதனால் முதுகு இன்னும் மடிகிறது. யாருக்கு ஏறும் என்று முன்கூட்டியே காட்டும் நான்கு எக்ஸ்ரே அடையாளங்களை அவர் வகுத்தார். பின்பக்கச் சிறு மூட்டுகள் விலகியிருப்பது அவற்றில் ஒன்று. இரண்டுக்கு மேல் அடையாளம் தெரிந்தால் அந்தக் குழந்தைக்குக் கூன் ஏறுவதற்கு முன்பே அறுவை செய்துவிடுவது நல்லது. மற்றக் குழந்தைகளையும் வளர்ச்சி நிற்கும்வரை ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்கவேண்டும். கடுமையான கூனை அப்படியே விட்டால், நோய் குணமாகி இருபது முப்பது ஆண்டு கழித்துக்கூடக் கால் செயலிழக்கும்.

இனி, காலம் கடந்து வருவது பற்றி. என்னிடம் வந்த ஒரு பெண்ணைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். தையல் வேலை. முப்பது வயதுக்குச் சற்று மேல். ஸ்டூலில் உட்கார்ந்தபோது இரண்டு கைகளையும் பக்கத்தில் ஊன்றிக்கொண்டார். உடம்பின் பாரத்தை முதுகுக்குக் கொடுக்காமல் கைக்குக் கொடுக்கிறார்.

“எத்தனை நாளா வலிக்குதும்மா?”

“தீபாவளிக்கு முன்னாடியிருந்து சார்.”

அப்போது சித்திரை மாதம். இடையில் தைலம் தேய்த்திருக்கிறார், வாயுப்பிடிப்பு என்று நீவிவிட்டிருக்கிறார்கள், பெல்ட் போட்டிருக்கிறார், ஊசி போட்டிருக்கிறார். முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் கொஞ்சம் தேய்மானம் என்று சொல்லியிருக்கிறார்கள். எலும்பின் சுண்ணாம்புச் சத்தில் மூன்றில் ஒரு பங்காவது போனால்தான் எக்ஸ்ரேயில் அரிப்பு தெரியும். அதனால் அந்த மருத்துவரையும் முழுதும் குறைசொல்ல முடியாது. ஆனால் யாரும் அவர் முதுகைத் தட்டிப் பார்க்கவில்லை. நான் ஒவ்வொரு முள்ளாக விரலால் தட்டிக்கொண்டு இறங்கினேன். ஓர் இடத்தில் அவர் சட்டென்று விலகினார். மேசையிலிருந்து என் பேனாவைக் கீழே போட்டு எடுக்கச் சொன்னேன். முதுகை வளைக்காமல், கம்புபோல் நிமிர்த்தியபடி, முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுத்தார். எடை எவ்வளவு குறைந்தது என்று கேட்டால் தெரியவில்லை. ஜாக்கெட்டை இரண்டு முறை பிடித்துத் தைத்தேன் என்றார். எம்.ஆர்.ஐ. எடுத்து, ஊசியால் திசு எடுத்து, அதை சிபிநாட் என்னும் மரபணுச் சோதனைக்கும் கிருமி வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்பினோம். மருந்துக்குக் கட்டுப்படும் கிருமிதானா என்பது அதில்தான் தெரியும். படத்தை மட்டும் பார்த்து மாத்திரை தொடங்கும் பழக்கத்தை, முடிந்த இடங்களிலாவது, நாம் விட்டுவிட வேண்டும்.

முதுகுவலிக்காரர்கள் எல்லோரும் பயப்பட வேண்டாம். நூற்றில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வலி, படுத்தாலும் விடாத வலி, தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கூடவே மாலைக் காய்ச்சலோ எடைக் குறைவோ இருந்தால் நீவிவிடுவதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல் இல்லை என்பதால் முதுகெலும்புக் காசநோய் இல்லை என்றும் நினைக்காதீர்கள். பாதிப் பேருக்கு இருப்பதில்லை.

சிகிச்சைக் காலம் பற்றி ஒரு சொல். சென்னை ஆய்வு ஆறு, ஒன்பது மாதங்களைப் பேசியது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் எலும்புக் காசநோய்க்கு நான்கு மருந்தில் தொடங்கி மொத்தம் 12 மாதம் என்கிறது, சிலருக்கு நீட்டிக்கலாம். எலும்பு முழுதும் ஆறிவிட்டதா என்று படத்தில் உறுதியாகச் சொல்வது கடினம் என்பதால் வந்த கூடுதல் எச்சரிக்கை அது. எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். 2012 முதல் தனியார் மருத்துவரும் நோயாளியைப் பதிவு செய்தே ஆகவேண்டும். சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் நோயாளியின் கணக்கில் போடப்பட்டது, 2024 நவம்பரிலிருந்து அது 1,000.

அந்தப் பெண்ணோடு மாமியாரும் வந்திருந்தார். தட்டு டம்ளரைத் தனியாக வைக்கணுமா என்று அவர்தான் கேட்டார். வேண்டியதில்லை. நுரையீரலில் நோய் இல்லை என்று பார்த்துவிட்டால், முதுகெலும்பில் மட்டும் இருக்கும் காசநோய் இருமலிலோ எச்சிலிலோ பரவாது. சமைக்கலாம், குழந்தையைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்ளலாம். வலி குறைந்தபின் தையல் மெஷினுக்கும் போகலாம். பாரம் தூக்குவதை மட்டும் தள்ளிப்போட வேண்டும்.

மாமியார் வெளியே போன பிறகு அந்தப் பெண் கேட்டது இன்னொரு குழந்தையைப் பற்றி. தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம், மாத்திரைக் காலம் முடிந்து ஒரு எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு. அதுவரை கருத்தடை வேண்டும். அவர் மாலா-டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரிஃபாம்பிசின் அந்த மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. காப்பர்-டிக்கு மகப்பேறு ஓ.பி.க்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.